ரோட் ஐலண்ட் ஜெயில் போதை சிகிச்சை: விடுதலை ஆகுற நாளை வச்சு ஒரு ரிவ்யூ

ஜெயிலுக்குள்ள போதை சிகிச்சைன்னு பல இடத்துல சொல்றது வாரம் ஒரு கவுன்சிலிங், கையெழுத்து போட ஒரு ரிஜிஸ்டர், கடைசில ஒரு சர்டிஃபிகேட், அவ்ளோதான். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலம் 2016ல ஆரம்பிச்ச திட்டம் அப்படி இல்ல. போதை மீட்பு வேலையில இருக்குற எல்லாரும் இத தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறேன், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் அங்க போய் பாத்ததில்ல, வெளிவந்த ஆய்வு முடிவுகள வச்சுதான் சொல்றேன்.

உள்ள வர்ற எல்லாரையும் ஹெராயின், ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டு பழக்கம் இருக்கானு மொதல்லயே பரிசோதிக்கிறாங்க. வெளிய ஏற்கனவே இந்த பழக்கத்துக்கான மருந்துல இருந்தவங்களுக்கு அத நிறுத்தாம தொடர்றாங்க, மருந்தே எடுக்காதவங்களும் உள்ள இருந்தே ஆரம்பிக்கலாம். ஏக்கத்த அடக்குற மெத்தடோன், புப்ரெனோர்ஃபின், போதையே ஏறாம தடுக்குற நால்ட்ரெக்சோன் மூணுமே கிடைக்கும், எது சரிப்படும்னு டாக்டரும் அந்த ஆளும் பேசி முடிவு பண்றாங்க. இதுல என்ன பெருசுன்னு கேப்பீங்க, ஆனா நெறைய ஜெயில்ல மருந்துல இருக்குற ஆள் உள்ள வந்தா டோஸ கொறைச்சு கொறைச்சு நிறுத்திடுவாங்க, இல்லன்னா மொத நாளே கட் பண்ணிட்டு வாந்தி பேதி நடுக்கம் எல்லாத்தையும் தண்டனையோட ஒரு பகுதியா பாப்பாங்க. சர்க்கரை வியாதிக்காரர் உள்ள போனா இன்சுலின நிறுத்துவோமா? இதுக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?

இப்படி நிறுத்துறதோட விளைவு உள்ள இருக்கும்போது முழுசா தெரியாது, வெளிய வந்த பிறகுதான் தெரியும். மாசக்கணக்கா எடுக்காம இருந்ததுல பழைய டோஸ தாங்குற சக்தி உடம்புக்கு போயிருக்கும், ஆனா மனசுக்கு அந்த பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்துல விடுதலையானவங்கள வச்சு 2007ல வந்த ஆய்வுல, மொத ரெண்டு வாரத்துல ஓவர்டோஸ்ல சாகுற ஆபத்து மத்த மக்கள விட 129 மடங்குன்னு வந்துச்சு. "உள்ள இருந்தப்போ சுத்தமா இருந்தான், இப்ப குணமாயிட்டான்"னு குடும்பம் நம்பி நிம்மதியா இருக்குற அதே ரெண்டு வாரம்.

ரோட் ஐலண்ட் ரிசல்ட்ட இத வச்சுதான் பாக்கணும். 2016ஓட மொத ஆறு மாசத்துல அந்த மாநிலத்துல ஓவர்டோஸ்ல இறந்த 179 பேர்ல 26 பேர் கொஞ்ச காலம் முன்னாடி ஜெயில்ல இருந்து வந்தவங்க. 2017ல அதே ஆறு மாசத்துல 157ல 9 பேர். சின்ன எண்ணிக்கைதான், அதே சமயம் வெளியவும் சிகிச்சைய விரிவாக்கிட்டு இருந்தாங்க, அதனால மொத்த பெருமையும் இந்த திட்டத்துக்கு மட்டுமேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இங்கிலாந்து ஜெயில்கள வச்சு 2017ல வந்த பெரிய ஆய்வும் இதையேதான் சொல்லுது, மருந்தோட வெளிய வந்தவங்களுக்கு மொத நாலு வாரத்துல சாவு ஆபத்து 75 சதவீதம் கம்மி.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் உள்ள மருந்து கொடுக்குற அதே அமைப்புக்கு வெளியவும் கிளினிக் இருக்குறது. அதனால விடுதலை ஆகுறவர் புதுசா எங்கயோ போய் க்யூல நின்னு மொதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியதில்ல. இதே மாநிலத்துல நடந்து 2015ல வந்த இன்னொரு சோதனையில, உள்ள மெத்தடோன தொடர்ந்தவங்கள்ல 96 சதவீதம் பேர் ஒரு மாசத்துக்குள்ள வெளிய கிளினிக்குக்கு வந்தாங்க, கட்டாயமா நிறுத்தப்பட்டவங்கள்ல 78 சதவீதம்தான். மருந்த நிறுத்தினதும் வர்ற அந்த வாந்தி, நடுக்க (வித்ட்ராயல்) கொடுமைய ஒரு தடவ ஜெயில்ல அனுபவிச்சவர் மறுபடி மெத்தடோன் பக்கம் போக பயப்படுவார், இது எங்க வேலையில எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மூணு மருந்துல ஜெயில் அதிகாரிங்களுக்கு ரொம்ப புடிக்கிறது நால்ட்ரெக்சோன் மாச ஊசி. போதை தராது, ஒளிச்சு வச்சு விக்க முடியாது. ஆனா அத போட ஏழு பத்து நாள் ஓபியாய்டே இல்லாம இருக்கணும். 2016ல வந்த சோதனையில ஊசி போட்ட காலத்துல மறுபடி பழக்கத்துக்கு போனவங்க 43 சதவீதம், ஊசி இல்லாதவங்க 64 சதவீதம், நல்ல வித்தியாசம்தான், ஊசிய நிறுத்தி ஒரு வருஷம் போனா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுச்சு. சிலருக்கு சரியா வரும், ஆனா இத மட்டும் வச்சுக்கிட்டு "எங்ககிட்டயும் மருந்து இருக்கு"ன்னு சொல்ற ஜெயில நான் ஏத்துக்க மாட்டேன். புப்ரெனோர்ஃபின் மாத்திரைய நாக்குக்கு அடியில இருந்து எடுத்து விக்கிறாங்கன்னு வார்டன்கள் சொல்ற பயம் உண்மைதான், அதுக்கு வழியும் இருக்கு, ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் ஜெயில்கள்ல புப்ரெனோர்ஃபினையே மாச ஊசியா கொடுக்கிறாங்க.

இந்த மாடல அப்படியே வேற எடத்துக்கு கொண்டு போக முடியுமான்னா, கஷ்டம். ரோட் ஐலண்ட் சின்ன மாநிலம், ரிமாண்ட் ஆளும் தண்டனை ஆளும் ஒரே நிர்வாகத்துல இருக்காங்க. பெரும்பாலான மத்த மாநிலங்கள்ல ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) தனி ஜெயில், ராத்திரி திடீர்னு ஜாமீன் கிடைச்சு வெளிய அனுப்பிடுவாங்க, கையில மருந்தும் இருக்காது, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டும் இருக்காது. அரசு காப்பீடும் உள்ள போனதும் நின்னுடும், கலிஃபோர்னியா 2023ல மொத ஆளா விடுதலைக்கு 90 நாள் முன்னாடி இருந்தே காப்பீட்டுல சிகிச்சை தர அனுமதி வாங்குச்சு.

என் மதிப்பீடு 5க்கு 4. ஒரு மார்க் கொறைச்சதுக்கு காரணம், இந்த மூணு மருந்தும் மெத் (மெத்தாம்பெட்டமைன், ஓபியாய்டு வகை இல்ல) மாதிரி போதையில இருக்குறவங்களுக்கு தீர்வு இல்ல. அதுக்கு பலன் தர்றதா நிரூபிச்ச வழி, யூரின் டெஸ்ட் சுத்தமா வந்தா சின்ன பரிசு கொடுத்து ஊக்கப்படுத்துறதுதான். ஜெயில்ல கைதிக்கு பரிசான்னு எதிர்ப்பு கண்டிப்பா வரும், வந்தாலும் பரவாயில்ல, அதையும் இந்த திட்டத்துக்குள்ள கொண்டு வரணும்.