"கண்டுபிடிக்கவே முடியாது" என்று விற்கப்பட்ட ஒரு ஹேக்: வாங்கியவன் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கான ஹேக் (ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரல்) ஒன்றை என் அண்ணன் மகன் ஓர் அரட்டைக் குழுவின் வழியாக, மாதம் 900 ரூபாய் சந்தாவுக்கு வாங்கினான். விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவே அவருக்கு விளம்பரமாகிவிடும். ஆனால் இதுபோன்ற ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், எங்கள் வீட்டில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

சொன்ன வேலையை அது செய்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியின் உருவம் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தது. எய்ம்பாட்டை இயக்கினால் துப்பாக்கியின் குறி தானாகவே எதிரியின் தலைக்குத் தாவியது. பதினொரு நாட்கள் அவன் தோற்கவே இல்லை.

நிறுவும் முறையைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வந்த ஜிப் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. ஆன்டிவைரஸ் உள்ளே இருப்பதைச் சோதித்துவிடாமல் தடுப்பதற்கான பழைய உத்தி அது. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்துவிட்டு, நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கணினியின் உயர்ந்த அனுமதியோடு, இயக்கும்படி உடன் வந்த குறிப்பு சொன்னது. விளையாட்டின் நினைவகத்தைப் படிப்பதற்கு ஹேக்குக்கு உயர்ந்த அனுமதி தேவைப்படுவது உண்மை என்பதால், வாங்குகிறவனுக்கு இதில் சந்தேகமே எழுவதில்லை. ஆனால் அதே அனுமதியைக் கொண்டு பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் எடுத்துவிடலாம். ஹேக் என்ற பெயரில் பரப்பப்படும் வைரஸ்களைப் பற்றி 2021-இல் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் இதே வழியைத்தான் விவரித்தது: பாதுகாப்பை அணைக்கச் சொல்வது, முழு அனுமதியைக் கேட்பது, பிறகு கணினியைக் கைப்பற்றுவது.

எங்கள் வீட்டில் ஐந்தாம் நாளே, அவன் அனுப்பாத இணைப்புகள் அவனுடைய கணக்கிலிருந்து நண்பர்கள் அனைவருக்கும் போயின. அண்ணன் வங்கி வேலைகளையும் அதே கணினியில்தான் பார்ப்பார். கடவுச்சொல்லைப் பிரவுசரில் சேமிக்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால் பணம் தப்பியது. வட்டை முழுவதுமாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்தேன். "ஹேக்கால இல்ல சித்தப்பா, வேற ஏதோ லிங்க்ல வந்திருக்கும்" என்று சொன்ன பையன், அன்று மாலையே அதைத் திரும்பவும் நிறுவினான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"கண்டுபிடிக்கவே முடியாது" என்ற வாக்குறுதி பன்னிரண்டாம் நாள் பொய்த்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 2002 முதல், அதை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் விஏசி என்ற, ஹேக்குகளைக் கண்டுபிடிக்கும் காவல் முறை இருக்கிறது. ஒரு ஹேக்கை அடையாளம் கண்டவுடனேயே அது எப்போதும் தடை விதித்துவிடுவதில்லை. பல நேரங்களில் சில நாட்களோ வாரங்களோ கழித்து, அதைப் பயன்படுத்தியவர்களுக்கெல்லாம் ஒரே அலையாகத் தடை விதிக்கிறது. ஆகவே குழுவில் "ஒரு வாரமாகப் பிரச்சினையே இல்லை" என்று எழுதுகிறவர்களின் பாராட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. முறையாக விதிக்கப்பட்ட விஏசி தடை நிரந்தரமானது, மேல்முறையீட்டால் நீங்காது, அந்த விளையாட்டில் காசு கொடுத்துச் சேர்த்த ஸ்கின்களையும் (ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றங்கள்) பிறகு விற்கவோ மாற்றவோ முடியாது.

விற்றவர் சொல்லாமல் மறைத்த விதி இன்னொன்று உண்டு. தவறு நடந்த நேரத்தில் ஒரே தொலைபேசி எண்ணில் இணைக்கப்பட்டிருக்கும் மற்றக் கணக்குகளுக்கும் அந்தத் தடை சேர்ந்தே விழும். எங்கள் வீட்டில் அவனுடைய கணக்கும் அவன் அக்காவின் கணக்கும் அண்ணனுடைய எண்ணில்தான் இருந்தன. அவள் ஆறு வருடங்களாக நேர்மையாக விளையாடியவள். தடை விழுந்தவன் வேறொரு கணக்கில் வந்து அதையே தொடரக் கூடாது என்பதற்கான அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவனிடம் அதைச் சொல்லாமல் விற்றவரையே குறை சொல்கிறேன்.

அருகில் இருப்பவர்கள் மேல் விழும் இந்த அடிக்கு, நம் நாட்டு விளையாட்டாளர்கள் நன்கறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் ஃபார்சேக்கன் என்ற வீரர், 'வேர்ட்.இஎக்ஸ்இ' என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்த ஹேக்குடன் ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். அவருக்கு ஐந்து ஆண்டு தடை கிடைத்தது. ஆனால் அந்த அணியே கலைக்கப்பட்டு, கூட ஆடிய நால்வரும் அதே நாளில் வேலையை இழந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அந்த விற்பனையாளர் புதிய பதிப்பைப் பாதி விலைக்குத் தருவதாகப் பதில் அனுப்பினார். மறுநாள் அந்தக் குழுவே இல்லை. என் அண்ணன் மகள் இப்போது அந்த விளையாட்டைத் திறப்பதில்லை. வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீமில் உள்ள அவளுடைய பக்கத்தில், தடையின் பதிவுக்கு அருகில் அது விழுந்து எத்தனை நாட்கள் ஆயின என்ற கணக்கும் எல்லோருக்கும் தெரியும்படி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது 143 என்று இருந்தது.