வாரம் ஒரு மாத்திரை: அலெண்ட்ரோனேட் பற்றிய எங்கள் அனுபவம்

மதுரை சிம்மக்கல்லில் வசிக்கும் என் தாயார், எலும்புப்புரைக்காக (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரையை ஞாயிறுதோறும் ஏழு ஆண்டுகள் உட்கொண்டார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காபியும் தொடாமல், படுக்காமல், அரை மணி நேரம் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இந்த ஒழுங்கை மருந்துக்கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால், தொடையில் காரணமற்ற வலி வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று மருந்து எழுதியவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வலி வந்தபோது மூட்டுவலி என்றெண்ணி மாதக்கணக்கில் தைலம் தேய்த்தோம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் வெளிவிளிம்பில் மெல்லிய கீறல் தெரிந்தது; இம்மருந்தை நெடுநாள் உட்கொள்வோரில் சிலருக்கு அரிதாக வரும் பாதிப்பு இது.

ஃபோசமாக்ஸ் என்ற பெயரில் இம்மருந்தை விற்ற மெர்க் நிறுவனத்தின் மீது, தாடை எலும்புச் சிதைவுக்காகவும் தொடை எலும்பு முறிவுக்காகவும் அமெரிக்காவில் ஏராளமானோர் வழக்குத் தொடுத்தனர். தொடை முறிவு பற்றிய எச்சரிக்கை 2011இல்தான் அங்கு மருந்துக் குறிப்பில் ஏறியது. முன்பே எச்சரித்திருக்க வேண்டும் என்பதே அவ்வழக்குகளின் சாரம். மருந்துக் குறிப்பை மாற்ற ஒப்புதல் தரும் அரசு அமைப்பு அனுமதித்திருக்காது என்பது நிறுவனத்தின் வாதம். அவ்வாறு எச்சரிக்க அந்த அமைப்பு அனுமதித்திருக்குமா என்பதை நடுவர் குழு (ஜூரி) அல்ல, நீதிபதியே முடிவுசெய்ய வேண்டும் என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இடுப்பு, முதுகெலும்பு முறிவுகளை இம்மருந்து குறைக்கிறது என்பதும், இந்தப் பாதிப்புகள் அரிதானவை என்பதும் உண்மை. ஆகவே மருந்தை நான் குறை கூறவில்லை. ஐந்து ஆண்டுகள் ஆனதும் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் இம்மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.