தெர்மோஸ்டாட் இல்லாமல் ஏழு வருஷம்: ஊட்டியில் என் பழைய எண்ணூறு

குன்னூரில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "உன் வண்டியில தெர்மோஸ்டாட் போட்டியே, நிஜமாவே வித்தியாசம் தெரியுதா, இல்ல மனப்பிராந்தியா?" தெர்மோஸ்டாட் என்றால் இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைத்து, சூடானதும் திறந்துவிடும் சின்ன வால்வு. பத்து நிமிஷம் கத்தித் தீர்த்தேன். இப்போது கொஞ்சம் ஆறிப்போய் எழுதுகிறேன்.

மாருதி 800, 2004 மாடல், ஏசி வண்டி. 2016-ல் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி மேலே கொண்டுவந்தேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சேரிங் கிராஸ் சீசன் நெரிசலில் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. வண்டிமேல் எனக்குப் புகாரே கிடையாது. வண்டிக்குள் இல்லாமல்போன ஒரு சாமானைப் பற்றித்தான் புகார்.

ஹீட்டர் வேலை செய்யாது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மப்ளரோடு ஓட்டுவேன். லவ்டேல் தாண்டின பிறகுகூட வெறும் காற்றுதான் வரும். டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறாது, கல்லட்டியில் அந்த 36 கொண்டை ஊசி வளைவிலும் இறங்கும்போது அடியில் போய்ப் படுத்துவிடும். நானோ, ஆகா என்ன கூலான இன்ஜின் என்று நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். மைலேஜ் 12, 13. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி பழுப்பாக ஏதோ அப்பியிருக்கும். இன்ஜின் போதிய சூடு ஏறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து அப்படி ஆகிறது. அதெல்லாம் தெரியாமல் இன்ஜின் தலைக்கு அடியிலிருக்கும் சீலான ஹெட் கேஸ்கட் போச்சோ என்று தூக்கம் கெட்டேன். இரண்டு மெக்கானிக் ஹீட்டர் குழாயைக் கழுவினார்கள், ஒருவர் கேபிளை மாற்றினார்.

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்பேனரை எடுத்தேன். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே போய், அது இன்ஜினில் முடிகிற இடத்தில் இருக்கும் அலுமினிய மூடியைப் பாருங்கள், அதற்கடியில்தான் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, கூலன்ட்டை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு போல்ட் வந்தது. இன்னொன்று துருவேறி டக்கென்று தலை கழன்றது, அதை எடுக்கவே ஒரு நாள் போனது. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை. விரலை விட்டேன், தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கேஸ்கட்டுக்குப் பதில் சுற்றிலும் சிவப்புப் பேஸ்ட், யாரோ நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை.

அந்த யாரோவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால் உப்புப் படிந்து வால்வு மூடினபடியே சிக்கிக்கொள்ளும், வண்டி கொதிக்கும், ஹெட் வேலை வந்தால் ஆயிரக்கணக்கில் செலவு. கழற்றி எறிந்தால் வண்டி கொதிக்காது, ஓனரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்கிறார்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது. வெளியே எத்தனை டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்கு உள்ளே எண்பது தொண்ணூறு டிகிரி வேண்டும். அது வராதவரை இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஏழு வருஷம் ஊற்றியது என் காசு. சரி, விடுங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தெர்மோஸ்டாட் கேட்டால் ஃபேன் ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சை எடுத்து நீட்டினார். படத்தைக் காட்டிய பிறகு, "அதையெல்லாம் இப்ப யாரு சார் போடுறா?" ஒரு வழியாகக் கிடைத்தது, நானூறு ரூபாய்க்குள்தான். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது வாய் திறக்கத் தொடங்கும் டிகிரி.

மாட்டுவதற்கு முன் சமையலறையில் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தேன். வீட்டில் விழுந்த திட்டு தனி. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி, சூட்டில் மெழுகு உப்பி ஸ்பிரிங்கை மீறித் தட்டைத் தள்ளும், அவ்வளவுதான் இதன் வித்தை. மெல்ல வாய் திறந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. டூப்ளிகேட்டா? கடைக்குத் திரும்ப ஓடப் போனவனுக்கு அப்புறம்தான் உறைத்தது, இங்கே 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுசாகத் திறக்க வேண்டிய சூட்டுக்குப் பாத்திரம் போகவே போகாது. ரேடியேட்டருக்கு அழுத்த மூடி இருப்பதால் அங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

மாட்டும்போது காற்று போவதற்கான சின்ன ஓட்டை மேல்பக்கம் வர வேண்டும். புது கேஸ்கட், கூலன்ட், மூடி திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை காத்திருப்பது. அவ்வளவே.

இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. கேத்தி போவதற்குள் கண்ணாடிப் பனி விலகிவிடும். மைலேஜ் 15 தொடுகிறது, வெண்ணெய் காணாமல்போனது. ஒருநாள் மார்க்கெட் பக்கம் நெரிசலில் நிற்கும்போது முன்னாலிருந்து ஏதோ கர்ரென்று சத்தம், பதறி ஓரம் கட்டினேன். ரேடியேட்டர் ஃபேன்! ஊட்டியில் அது தானாக ஓடி நான் கேட்டதே இல்லை.

ஆக, போடு. கட்டாயம் போடு. ஆனால் இத்தனை சொன்னதற்கு அப்புறமும், "அப்போ பழைய எண்ணூறு வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதைக் கழற்றினவர் வேறு எதையெல்லாம் கழற்றியிருக்கிறாரோ என்று ஒவ்வொரு மூடியையும் இன்னும் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ உன் வண்டியில் அந்த அலுமினிய மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. விரல் தடையில்லாமல் போனால் முன்னால் யாரிடம் வேலைக்கு விட்டார்கள் என்றும் விசாரித்து வை, ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.