வெள்ளவத்தையில் நான் நம்பி வாங்கும் மரக்கறிக் கடை

எட்டு வருடமாக இந்த ஒழுங்கைக் கடையில்தான் வாங்குகிறேன். கடைக்காரத் தம்பி விடியுமுன்பே பேலியகொடை மெனிங் மொத்தச் சந்தைக்குப் போய்விடுவார்.

மலைநாட்டில் அடைமழை பெய்தால் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் சட்டென்று ஏறிவிடும். அந்த நாட்களில் அவரே, "அக்கா, போஞ்சியை விடுங்கள், பூசணி கொண்டுபோங்கள்" என்பார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருவது எனக்குப் பெரிய விடயம். விலைப்பலகையில் 250 கிராமுக்கு எழுதியிருக்கும். ஒரு கிலோ என்று நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

வைகாசி பிறந்தால் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். ஒவ்வொன்றாகக் காம்படியை முகர்ந்து பார்த்துத் தருவார். மணம் ஏறியிருந்தால் இன்றைக்கே வெட்டலாம். தோல் இறுக்கமாக இருந்தால் கடதாசியில் சுற்றி இரண்டு நாள் வைக்கச் சொல்வார். போன முறை ஆறு பழம் வாங்கினேன், ஒன்றுகூட அழுகவில்லை. பருவம் முடியும்போது வருபவை விலையும் கூட, சுவையும் குறைவு, நான் தொடுவதில்லை.

குறை கீரையில்தான். பத்து மணிக்குப் பிறகு வல்லாரை வாடிவிடுகிறது, தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைக்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் நடுவில் மஞ்சள் இலை. கீரைக்கு ஏழு மணிக்கே போங்கள்.