மரமேறும் கயிற்றுக்குப் புரூசிக் முடிச்சா, உலோகப் பிடிப்பானா?

வேட்டைக்கு மரமேறுகிறவர் இடுப்பை மரத்தோடு பிணைக்கும் கயிற்றை, மரம் மெலிய மெலிய இறுக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்கு இரண்டு வழி.

புரூசிக் முடிச்சு, ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றில் மூன்று சுற்று சுற்றினால் போதும். எடை விழுந்தால் இறுகும், போனால் நகரும். சத்தமே இல்லை, எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடிக்கும். ஆனால் நன்றாக இறுகிவிட்டால் தளர்த்தப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். குளிரில் விரல் மரத்திருக்கும்போது, ஒரு கை கிளையைப் பற்றியிருக்கும்போது, அது உண்மையிலேயே ஆபத்து.

உலோகப் பிடிப்பான், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் சிறு கருவி. அதை ஒரே கையால் நகர்த்தலாம். ஆனால் அதற்கென்று சொன்ன தடிமனில்தான் கயிறு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். பல்லுள்ள வகை கயிற்றின் உறையைத் தேய்க்கும். ஒரு திசையில் மட்டும் பிடிக்கிற வகையைத் தலைகீழாக மாட்டினால் பிடிக்கவே பிடிக்காது.

என்னைக் கேட்டால், ஏறும்போது இடுப்புக் கயிற்றில் பிடிப்பான். மேலே போனதும் தலைக்கு மேல் கட்டும் கயிற்றில் புரூசிக். அங்கே அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. எதுவானாலும் அது நுனி வழியாகக் கழன்றுவிடாதபடி கயிற்றின் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு போட்டுவிடுங்கள், தொய்வு விடாதீர்கள்.