சரிவு நிலத்தில் உண்ணிச்செடி ஒழிப்பு: ஐந்து ஆண்டுக் கருவி, முறை அனுபவம்

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. காப்பியும் மிளகும் மலைவாழையும் இருந்த இடம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்ப்பாரின்றிக் கிடந்ததில், ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கரை உண்ணிச்செடி (லண்டானா என்னும் முட்புதர்) மூடிவிட்டது. நூறு அடி நடந்தால் நாற்பது அடி இறங்கிவிடும் சரிவு. 2019 டிசம்பரில் வேலையைத் தொடங்கினேன். அப்போது முதல் நான் வாங்கிய, கடன் வாங்கிய, செய்வித்த கருவிகளையும், கைக்கொண்ட முறைகளையும், அவற்றில் எவை நிலைத்தன, எவை கைவிட்டன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சமவெளியில் இதே செடியோடு போராடுபவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. சரிவில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் வாங்கியது 52 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டிப் புதர் வெட்டும் இயந்திரம். மூன்று பல் தகடு ஒன்றும், கார்பைடு முனை வைத்த வட்டத் தகடு ஒன்றும் கூடவே வந்தன. கடைக்காரர் சமதளத்தில் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் வெண்ணெயாக இருந்தது. சரிவில் ஏறியதும்தான் அதன் எடை தெரிந்தது. தோள்பட்டி உடலின் ஒரு பக்கமாக இழுக்கும். மேட்டுப் பக்கம் திரும்பினால் தகடு மண்ணில் முட்டும். பள்ளத்துப் பக்கம் திரும்பினால் நம் கால் வழுக்கும். மூன்று பல் தகடு பெருவிரல் தடிமன் வரையுள்ள தண்டுகளை நன்றாக வெட்டும். அதற்கு மேல் தடித்த தூரில் பட்டால் துள்ளித் திரும்பும். உண்ணிப் புதருக்குள் என்ன கல் இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது என்பதால், கார்பைடு முனைகள் மூன்றே நாளில் உதிர்ந்தன. கொடிபோல் நீண்ட தண்டுகள் இயந்திரத்தின் நீள்குழாயில் சுற்றிக்கொள்ள, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு அறுபது சென்ட் பரப்பை இரண்டு வாரத்தில் தரைமட்டமாக்கிவிட்டேன் என்ற பெருமிதம் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெருமிதம் சித்திரை மழை வரைக்கும்தான் நீடித்தது. இரண்டு மழை விழுந்த ஆறு வாரத்தில், வெட்டிய ஒவ்வொரு தூரிலிருந்தும் ஆறேழு தளிர்கள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றன. முன்பு ஒரு தண்டாக இருந்தது இப்போது குத்தாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் காப்பி வேலை பார்க்கும் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தூரைத் தோண்டாம விட்டா அது வெட்டு இல்ல தம்பி, கவாத்து" என்றார். காப்பிச் செடியைத் தழைக்க வைப்பதற்கு நாம் என்ன செய்கிறோமோ, அதையே நான் உண்ணிச்செடிக்கும் செய்திருந்தேன்.

அதன் பிறகுதான் வேரடியை அறுக்கும் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இது. இதன் அடிப்படை எளியது. உண்ணிச்செடி மறுபடி துளிர்ப்பது வேர் முழுவதிலிருந்தும் அன்று. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அந்தக் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை அறுத்துவிட்டால், உள்ளே எஞ்சிய வேர் அப்படியே மட்கிவிடும். முழு வேரையும் பிடுங்க வேண்டியதில்லை என்பதுதான் சரிவு நிலத்துக்காரருக்கு இதில் உள்ள பெரிய இலாபம், ஏனென்றால் அந்தச் செத்த வேர் மண்ணை இன்னும் சில காலம் பிடித்துக்கொண்டிருக்கும்.

செய்யும் விதம் இதுதான். முதலில் நீண்ட கைப்பிடி அரிவாளால் சுற்றியுள்ள தண்டுகளைக் கழித்துத் தூருக்கு வழி செய்ய வேண்டும். பிறகு செடிக்கு மேட்டுப் பக்கம் நின்று, குந்தாலியின் தட்டை முனையால் தூரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கிளறினால், தண்டின் பழுப்பு நிறம் முடிந்து வேரின் வெளிர் மஞ்சள் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு வெட்டு. தடித்த தூராக இருந்தால் மூன்று நான்கு. ஒருவர் கவைக்கோலால் செடியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் வெட்டுவதுதான் வசதி. வெட்டி முடித்த செடியை அப்படியே தலைகீழாக, வேர் வானம் பார்க்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலால் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஈர மண்ணில் கிடந்த தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டு, இரண்டே மாதத்தில் புதுச் செடியாகிவிடும். பழகாத ஆள் ஒரு செடிக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். பழகியவர் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவார். 2020 ஆகஸ்டிலிருந்து நான் இந்த முறையை மாற்றவே இல்லை. சரியாக அறுத்த தூர்களில் நூற்றுக்கு நான்கைந்துகூட மறுபடி துளிர்த்ததில்லை. துளிர்த்தவற்றைத் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வெட்டு கழுத்துக்கு மேலேதான் இருந்தது.

நெம்பிப் பிடுங்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டைக் கவ்வும் இரும்புத் தாடையும் நான்கடி நீளக் கைப்பிடியும் கொண்டது. வெளிநாட்டுக் காணொலி ஒன்றைப் பார்த்து, அடிவாரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லி வாங்கினேன். முதல் கருவியின் பற்றவைப்பு இரண்டாம் வாரமே விட்டுவிட்டது. பட்டறைக்காரர் அதற்கும் தனியாகக் காசு கேட்டது வேறு கதை. தகட்டைத் தடிமனாக்கிச் செய்த இரண்டாவது கருவி இன்றுவரை உழைக்கிறது. கட்டைவிரல் தடிமன் வரையுள்ள இளஞ்செடிகளுக்கு, அதுவும் மழை பெய்த மறுநாள், இதற்கு நிகர் இல்லை. குனியாமல் ஒரு மணி நேரத்தில் நூறு செடி பிடுங்கலாம். ஆனால் அதன் அடித்தட்டு சமதளத்தில் ஊன்றி நிற்பதற்காக அமைந்தது என்பதால், சரிவில் ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடுத்தாக வேண்டும். பழந்தூர்களில் இதை முயல்வது வீண் வேலை. தண்டு முறியும், தூர் அப்படியே இருக்கும்.

களைக்கொல்லி தெளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. அது இல்லாவிட்டாலும், என் நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடையில்தான் இரண்டு குடும்பங்கள் தண்ணீர் எடுக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி நான் செய்த பெருந்தவறு. பிரஷ் கட்டரால் கெடுத்த அதே அறுபது சென்டை 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் வேரடி அறுத்து, ஒரு செடி விடாமல் சுத்தம் செய்தேன். கவிழ்த்த செடிகளையும் பார்வைக்கு அசிங்கம் என்று இழுத்துப்போய் ஓர் ஓரத்தில் குவித்தேன். மண் செம்மண்ணாய்ப் பளபளவென்று கிடந்தது. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விரல் ஆழத்துக்குச் சின்னச் சின்ன ஓடைகள் விழுந்தன. புரெவிப் புயல் காலத்து டிசம்பர் மழையில் எட்டடி அகலத்துக்கு மேல்மண் நழுவி, கீழே இருந்த காப்பி வரிசையின் கழுத்து வரை ஏறி நின்றது. எத்தனை கெட்ட செடியாக இருந்தாலும், அந்த மண்ணை அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது அதுதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மறுவருடம் முதல் பட்டை பட்டையாகத்தான் வேலை. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், இருபதடி அகலத்துக்கு ஒரு பட்டையை அறுத்தால், அதற்குக் கீழே இருபதடியை அப்படியே விட்டுவிட வேண்டும். அறுத்த செடிகளைத் தலைகீழாகவே, சமமட்ட வரிசையாக அடுக்கி, பத்தடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து நிறுத்தினால், வழிந்து வரும் மண் அந்த வரிசையில் தங்கும். ஒரே மழைக்காலத்தில் அதன் பின்னால் நான்கு விரற்கடை மண் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஏ வடிவச் சட்டமும் ஒரு கல் கட்டிய கயிறும் இருந்தால் சமமட்டக் கோடு போடலாம். இதற்குப் பொறியாளர் தேவையில்லை. வெட்டும் மாதங்களாக ஜூனையும் ஜூலையையும் வைத்துக்கொண்டேன். கோடை மழையில் மண் இளகியிருக்கும். பெருமழைக்கு முன் புல் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். விட்டுவைத்த பட்டைகளை, முதல் பட்டையில் பயிர் வேர் பிடித்த பிறகு, அதாவது ஓராண்டு கழித்து அறுத்தேன்.

பட்டைகளின் விளிம்பில் வெட்டிவேரும், நடுவில் கல்யாண முருங்கைப் போத்துகளும் நட்டேன். கல்யாண முருங்கை விரைவில் நிழல் தரும், மிளகுக் கொடிக்கும் உதவும். உண்ணிச்செடிக்குப் பிடிக்காதது நிழல்தான்; வெயில் முழுதாக விழும் இடத்தில் அது ஆண்டு முழுவதும் பூக்கிறது, அடர்ந்த நிழலில் சோம்பிப்போகிறது. வெற்றிடத்தில் முதலில் வந்தவை நான் நட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேட்டியில் கறுப்பு ஊசியாக ஒட்டும் செடி இடுப்பளவு வளர்ந்தது. அது ஓராண்டுச் செடி என்பதால் பூக்கும் முன் அரிவாளால் அறுத்து மூடாக்காகப் போட்டேன். மண்ணுக்கு அது நல்லதே செய்தது. பிரஷ் கட்டருக்கு இப்போது அந்த வேலைதான், நைலான் நரம்பு பொருத்தி. மூன்றரை ஏக்கரில் அது செய்யும் நியாயமான வேலையும் அதுவே.

உண்மையான செலவு வெட்டுவதில் இல்லை, திரும்பத் திரும்பப் போவதில் இருக்கிறது. அடர்ந்த புதருக்கு ஏக்கருக்கு முப்பது ஆள்நாள் ஆனது. அடுத்த ஆண்டு நாற்றுப் பிடுங்க ஒன்பது ஆள்நாள், அதற்கடுத்த ஆண்டு நான்கு, மூன்றாம் ஆண்டிலிருந்து ஒன்று அல்லது இரண்டு. மண்ணில் கிடக்கும் பழைய விதை ஒரே மழையில் முளைத்துத் தீர்ந்துவிடாது. போதாக்குறைக்குச் சின்னான் குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டுக் காய்ந்த மரக்கிளைகளில் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. எந்தக் கிளைக்குக் கீழே நாற்று வரும் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஆறு இலைப் பருவத்தில் இரண்டு விரலால் வரும் நாற்று, ஒன்றரை ஆண்டு கழித்துக் குந்தாலி கேட்கும். 2022இல் ஊரில் இல்லாமல் ஒரு பருவம் தவறவிட்டதற்கு, மறுபருவம் மும்மடங்கு ஆள் விட்டேன்.

வெட்டிக் கவிழ்த்த செடியில் தீ அபாயம் உண்டு. மாசி, பங்குனியில் அந்த வரிசைகள் காய்ந்த விறகுதான். காட்டு எல்லையை ஒட்டிப் பதினைந்து அடிக்கு எதையும் அடுக்காமல் தீத்தடுப்புக் கோடு விட்டேன். பழந்தூர்களை அடுப்புக்கு எடுத்தவர்களுக்குக் கொடுத்தேன். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே உண்ணித் தண்டை வளைத்து நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்து 2021இல் இலண்டன் பூங்காக்களில் நிறுத்தினார்கள் என்று படித்தபோது, நான் எரித்த தண்டுகளை நினைத்துக் கொஞ்சம் வருந்தினேன். ஒரு முக்காலி செய்ய முயன்றேன்; அது மூன்று காலில் நிற்கவில்லை.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். முள் பின்னோக்கி வளைந்தது. கையை உள்ளே விட்டால் எளிதாகப் போகும், வெளியே வராது. முழங்கை வரை தோல் கையுறையும், முழங்கால் வரை பூட்சும் அவசியம். குழிவிரியனை மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்றும் தூரடியில். காட்டுமாடுகள் பகலில் புதருக்குள் படுத்திருக்கும் என்பதால், வேலை தொடங்கும் முன் மேட்டில் நின்று பத்து நிமிடம் தகரத்தைத் தட்டுவது எங்கள் வழக்கம். ஆடுமாடுகளை விட்டு மேய்த்து ஒழிக்கலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதன் இலை ஈரலைக் கெடுக்கும். தின்ற மாட்டுக்குக் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெடித்து உரியும்.

இன்று கணக்குப் பார்த்தால், இரண்டே முக்கால் ஏக்கரில் இருபத்தைந்து சென்ட் தவிர மற்றதெல்லாம் காப்பிக்கும் மிளகுக்கும் புல்லுக்கும் திரும்பிவிட்டது. அந்த இருபத்தைந்து சென்ட் ஓடைக்கரையின் செங்குத்தான விளிம்பு. அங்கே நிற்கும் உண்ணியை நான் இன்னும் தொடவில்லை. அதன் நடுவே நாவலும் நீர்மருதும் நட்டு இரண்டு ஆண்டு ஆகிறது, அவை ஆளுயரம் வந்த பிறகு குந்தாலியோடு இறங்கலாம் என்றிருக்கிறேன்.