சீமைக் கருவேலம் அறுக்க செயின் சா: பெட்ரோல் மிஷினா, பேட்டரி மிஷினா?

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் சீமைக் கருவேலம்தான். நாள் முழுக்க அறுப்பவர்களுக்கு என் ஓட்டு பெட்ரோல் மிஷினுக்கே. கரண்ட் இல்லாத காட்டிலும் ஓடும். ஆனால் பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்தே ஊற்ற வேண்டும்; பல மிஷின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சத்தம் காதைப் பதம் பார்க்கும்.

வேலியோரக் கிளை கழிக்க, வீட்டு அடுப்புக்கு நாலு கட்டை போட பேட்டரி போதும். புகை கிடையாது. பருத்த தூரில் வைத்தால் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும்.

எதை வாங்கினாலும் செயின் ஆயில் இல்லாமல் ஓட்டாதீர்கள். சீவலாக வராமல் மாவு மாதிரி தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது; உருண்டை அரத்தால் தீட்டுங்கள். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) நுனி மட்டும் கட்டையில் படவே கூடாது, மிஷின் முகத்துக்கு நேரே எகிறும்.